குடியுரிமைக் கேள்வி பதில்: கோப்பு எங்கே நிற்கிறது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காலத்தைப் பற்றியவை. வெளிநாட்டில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், இலங்கைக் குடியுரிமைக்காக இங்கேயே காத்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை நீக்கி ஊர்களை மட்டும் போட்டிருக்கிறோம்.

மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். குடியுரிமைக்குப் போட்டுப் பதினாறு மாதம். அவரோடு ஒரே கிழமையில் போட்ட சிநேகிதனுக்கு எப்பவோ சத்தியப்பிரமாணம் முடிந்துவிட்டது. இவருக்குக் கணினியில் 'பரிசீலனையில்' என்றுதான் காட்டுதாம். எங்கே பிழை?
*ஒரு தாய், புதுக்குடியிருப்பு*

பிழை என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம், அம்மா. கனடாவின் குடிவரவுத் திணைக்களம் வெளியிடும் கால அளவு யாருக்கும் கொடுத்த தவணை அல்ல. ஏற்கெனவே முடிந்த கோப்புகளில் பெரும்பங்கு எவ்வளவு காலத்தில் முடிந்தன என்ற கணக்குத்தான் அது. அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் கோப்புகள் எப்போதும் உண்டு. காலம் எண்ணத் தொடங்குவதும் முழுமையான விண்ணப்பம் அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்துதான். ஒரு கையெழுத்தோ கடவுச்சீட்டின் ஒரு பக்கமோ குறைந்தால் கோப்பு திரும்பி வரும். குறையைத் திருத்தி மறுபடி அனுப்பியது அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்.

மகனைத் தன் கணக்கைத் திறந்து ஒவ்வொரு பகுதியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மொழி, கனடாவில் தங்கிய நாட்கள், பின்னணிச் சோதனை, சட்டத் தடைகள், தேர்வு, சத்தியப்பிரமாணம் என்று பகுதி பகுதியாக இருக்கும். இவை வரிசைப்படி நடப்பதில்லை. தேர்வு முடிந்து மாதக்கணக்கில் பின்னணிச் சோதனை திறந்தபடி கிடக்கலாம். எது முடிந்தது, எது தொடங்கவேயில்லை என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

தேர்வு 18 வயது முதல் 54 வயது வரையானவர்களுக்கு. 20 கேள்விகளில் 15 சரியாக இருக்க வேண்டும். இதில் தாமதிப்பவர்கள் குறைவு. தேர்வுக்கான அழைப்பு மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போய், பார்க்காமல் விட்டுத் தாமதித்தவர்கள் நிறையப் பேர். கைரேகை கேட்டு வரும் மின்னஞ்சலும் அப்படித்தான். வீடு மாறியவர், மின்னஞ்சல் மாற்றியவர் உடனே அறிவிக்க வேண்டும்.

அதிகம் சிக்குவது நாள் கணக்கில். கையெழுத்திட்ட நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைக்கும் முன் சட்டப்படி தங்கிய ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும்; அப்படிச் சேர்வது 365 நாட்களுக்கு மேல் போகாது. சரியாக 1,095 சேர்ந்த மறுநாளே விண்ணப்பிப்பது துணிச்சலான வேலை. சென்னைக்குப் புடவை எடுக்கப் போன பத்து நாளை எழுத மறந்தால் போதும், கணக்கு உதைக்கும். உத்தியோகத்தர் கடவுச்சீட்டு முத்திரைகளையும் எல்லைப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை, வேலைக் கடிதம் எல்லாம் கேட்டு நீண்ட படிவம் வரும். கோப்பு அதோடு சாதாரண வரிசையை விட்டு விலகிவிடும். ஒரு மாதமாவது மேலதிகமாக வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பதே நல்லது.

கடைசி நான்கு ஆண்டுகளில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். இலங்கைச் சான்றிதழைக் கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம் கொடுக்கிறது. அதற்கு முன் நீங்கள் எழுதிய விலாசத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் விசாரிப்பார்கள். இடம்பெயர்ந்து பல ஊர்களில் இருந்த வன்னிக்காரருக்கு இங்கேதான் இழுபடும். கிராம அலுவலரின் பதிவிலும் அடையாள அட்டையிலும் விண்ணப்பத்திலும் விலாசம் ஒன்றாக இருக்கிறதா என்று முதலே பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதை நன்றாகக் கவனியுங்கள். உங்கள் மகன் அகதிக் கோரிக்கை மூலம் நிரந்தர வதிவிடம் பெற்றவர் என்றால், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் அதில் இலங்கைக்கு வந்துபோவதும் பெரிய ஆபத்து. திரும்பவும் இலங்கை அரசின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டார் என்று கூறி அகதித் தகுதியை நீக்கக் கோரி வழக்கு வைக்கலாம். 2012 டிசம்பருக்குப் பிறகு அப்படி நீக்கப்பட்டால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். அந்த விசாரணை முடியும் வரை குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்திவைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. சிநேகிதனுக்கு முடிந்து இவருக்கு முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முன்பு வந்துபோயிருந்தால், வேறு எதுவும் எழுதி அனுப்பும் முன் அகதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். இனிமேல் வருவதாக இருந்தால், குடியுரிமை கையில் கிடைத்த பிறகு வரட்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வா, அம்மாளாச்சிக்கு நேர்த்தி இருக்கிறது என்று கூப்பிட உங்கள் மனம் அடித்துக்கொள்ளும். தயவுசெய்து கூப்பிடாதீர்கள்.

அறிவித்த காலம் தாண்டிவிட்டதென்றால் செய்யக்கூடியவை: முதலில் திணைக்களத்தின் இணையப் படிவத்தில் கேட்பது. பதில் வராவிட்டால் அவர் வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குச் சம்மதக் கடிதம் கொடுப்பது. விசாரிப்பதற்கு அவர்களுக்குத் தனி வழி உண்டு, பணம் வாங்கமாட்டார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கோப்பின் உட்குறிப்புகளையும் எடுக்கலாம். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். கோப்பு எந்த மேசையில், எதற்காக நிற்கிறது என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். எதுவும் சரிவராத இடத்தில், முடிவெடுக்கும்படி பணிக்குமாறு சமஷ்டி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். காரணம் தெரியாமல் அந்தப் படிக்கு ஏறுவது வீண் செலவு.

ஐந்து இலட்சம் தந்தால் உள்ளே ஆள் பிடித்துக் கெதியாக முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
*வாசகர், முள்ளியவளை*

வேண்டாம். எந்த நாட்டிலும் அப்படி ஒரு கதவு இல்லை. அந்த ஆள் மூலம் போலி ஆவணம் ஏதாவது கோப்புக்குள் போனால் பொய்யுரைத்தவர் என்ற பழி விண்ணப்பதாரர் தலையில்தான் விழும்.

தம்பி பிரான்சில். பிறப்புச் சான்றிதழ் 2009 இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. பாஸ்போட்டில் ஒரு எழுத்து, பள்ளிக்கூடப் பத்திரத்தில் வேறு எழுத்து. அப்பாவின் பெயரும் ஒரு இடத்தில் முழுதாக, ஒரு இடத்தில் முதலெழுத்தாக. புதுச் சான்றிதழ் எடுத்து அனுப்பச் சொல்கிறார். என்ன செய்வது? அவருடைய குடியுரிமைக்கு எவ்வளவு காலம் எடுக்கும்?
*ஓர் அக்கா, துணுக்காய்*

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: தம்பி அங்கே அகதியாக ஏற்கப்பட்டவரா? அப்படியென்றால் அவருடைய பிறப்பு, திருமணப் பத்திரங்களை அங்குள்ள அகதிகள் பாதுகாப்பு அலுவலகமான ஒஃப்ப்ராவே வழங்கும். பிரான்சின் அலுவலகங்கள் அதையே ஏற்கும். நீங்கள் இங்கிருந்து எடுத்து அனுப்பத் தேவையில்லை. ஒஃப்ப்ராவின் பத்திரத்தில் பெயரோ திகதியோ பிழையாக இருந்தால் அதைத் திருத்த மட்டும் இங்குள்ள சான்றிதழ் உதவும்.

அகதி அல்லாதவர் என்றால் வேலை உங்களிடம்தான். தொலைந்தது கையிலிருந்த பிரதி. பதிவு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இருக்க வேண்டும். பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர், தெரிந்தால் பதிவிலக்கம் எல்லாவற்றோடும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். மல்லாவி ஆஸ்பத்திரியில் பிறந்தவரின் பதிவை துணுக்காயில் தேட வேண்டும் என்பது சரி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு அந்தப் பகுதியில்தான் இருக்கும். சொந்த ஊரில் தேடி 'இல்லை' என்று வந்து மனம் சோர்ந்தவர்கள் பலர் பிழையான இடத்தில் தேடியவர்களே.

உண்மையிலேயே பதிவு கிடைக்கவில்லை என்றால், தேடியும் இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்துத்தான் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகலாம். ஞானஸ்நானப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவேடு, தாயின் கிளினிக் அட்டை, சகோதரர்களின் சான்றிதழ்கள் எல்லாம் அங்கே உதவும்.

பெயர் வித்தியாசத்தைச் சத்தியக்கடதாசி ஒன்றால் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் எழுதிக் கொடுப்பதைச் சில நாடுகள் துணைச் சான்றாக எடுக்கும். பிரான்சு குடிசார் பதிவில் கண்டிப்பான நாடு, அங்கே அது போதாது. மூலப் பதிவில் பிழை என்றால் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கேட்டு, திருத்திய பிரதியை எடுங்கள். கடவுச்சீட்டில் பிழை என்றால் கடவுச்சீட்டைத் திருத்த வேண்டும். ஒரு ஆவணத்தை மூலமாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். அந்த மூலம் எப்போதும் பிறப்புப் பதிவாகவே இருக்கட்டும். விண்ணப்பம் போட்ட பிறகு திருத்தினால், நடுவில் பெயர் மாறியதற்கு விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

மொழிபெயர்ப்பை இங்கே செய்து காசை வீணாக்காதீர்கள். பிரான்சின் நீதிமன்றப் பட்டியலிலுள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் தம்பி அங்கேயே செய்விக்கட்டும். மூலப் பிரதியில் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்தல் கேட்டிருந்தால் அதற்குக் கொழும்பு போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலுள்ள பிராந்திய அலுவலகத்தில் செய்யலாம்.

காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சுச் சட்டப்படி 18 மாதத்துக்குள் பதில் வர வேண்டும். பத்து ஆண்டுகள் சட்டப்படி வசித்தவருக்கு 12 மாதம். காரணம் காட்டி ஒருமுறை மூன்று மாதம் நீட்டலாம். ஆனால் இந்தக் கணக்கு, கோப்பு முழுமை என்று பற்றுச்சீட்டுக் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். அதற்கு முந்திய காத்திருப்பு எந்தக் கணக்கிலும் வராது. அந்த முந்திய காத்திருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் பெயரெழுத்துகள்தான்.

தங்கச்சி லண்டனில் குடியுரிமைக்குப் போட்டு ஆறு மாதம் தாண்டிவிட்டது. அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்துபோனால் பாதிக்குமா?
*வாசகர், நெடுங்கேணி*

பிரித்தானியாவில் ஐந்து ஆண்டு வழியில் விண்ணப்பித்தவருக்கு, விண்ணப்ப நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டில் 450 நாட்களுக்கு மேலும் கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 90 நாட்களுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. விண்ணப்பித்த பிறகு வரும் பயணம் இந்த எண்ணிக்கையில் சேராது. ஆகவே வரலாம். கைரேகையும் படமும் கொடுத்து முடித்துவிட்டு வரட்டும். முடிவு வந்தால் விழாவுக்கு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டு வதிவிடம் பெற்றவர் என்றால் மேலே கனடாவுக்குச் சொன்ன எச்சரிக்கையை இங்கேயும் மனதில் வைக்க வேண்டும்.

ஆறு மாதம் என்பது வழமையான அளவு. சிக்கலான கோப்புக்கு அதற்கு மேலும் எடுப்பார்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த திகதிக்குச் சரியாக ஐந்து ஆண்டுக்கு முன் அவர் பிரித்தானியாவில் நின்றிருக்க வேண்டும் என்ற விதியையும் பலர் தவறவிடுகிறார்கள். அன்று திருமணத்துக்கு இங்கே வந்து நின்றிருந்தால் அது ஒன்றே மறுக்கப் போதும்.

இன்னும் விண்ணப்பிக்காத உறவினர்களுக்கும் சொல்லிவையுங்கள்: 2025 பெப்ரவரி 10 முதல், சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவரின் விண்ணப்பம், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும், சாதாரணமாக மறுக்கப்படும் என்று வழிகாட்டல் மாற்றப்பட்டிருக்கிறது. கட்டணம் 1,600 பவுணைத் தாண்டும், மறுத்தால் விழாவுக்கான சிறு பகுதி தவிர திரும்பாது. லொறியிலோ படகிலோ போனவர்கள் சட்ட ஆலோசனை எடுக்காமல் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

1990 இல் வள்ளத்தில் இந்தியா போனோம். மண்டபம் முகாமில் இருந்து 2016 இல் திரும்பி வந்தோம். மகள் அங்கே பிறந்தவள். அடையாள அட்டைக்குப் போனால் குடியுரிமைச் சான்றிதழ் கேட்கிறார்கள். மனைவி இராமநாதபுரத்துப் பெண், இந்தியக் கடவுச்சீட்டு. இருவருக்கும் எவ்வளவு காலம் எடுக்கும்?
*வாசகர், செட்டிகுளம்*

இரண்டும் வேறு வேறு வழிகள். ஒரே உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டாம்.

மகள் யாரிடமும் புதிதாகக் குடியுரிமை கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் இலங்கைக் குடிமகனாக இருந்து, பிறப்பைப் பதிந்தால் பிள்ளை வம்சாவளியால் குடிமகள். முன்பு தந்தை மட்டும் கணக்கில் வந்தார். 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின் தாயும் கணக்கு. பதிவு ஒரு ஆண்டுக்குள் நடக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அமைச்சர் காலத்தை நீட்டலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அகதியாக இருந்ததைவிடத் தக்க காரணம் வேறென்ன? தாமதத்துக்கான காரணத்தை முகாம் பதிவுச் சான்று, திரும்பி வந்த பயண ஆவணம் ஆகியவற்றோடு கடிதமாக எழுதி இணையுங்கள். தாமதக் கட்டணத்தில் சலுகை உண்டா என்று விண்ணப்பிக்கும் போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேண்டியவை: மகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ். இந்தியாவில் இருக்கும் குடும்பங்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் இதைச் செய்யலாம். இங்கே வந்துவிட்டவர்கள் பத்தரமுல்லை 'சுகுருபாய'வில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும். வவுனியா அலுவலகம் கடவுச்சீட்டுக்கானது. குடியுரிமை முடிவு பத்தரமுல்லையில்தான். திரும்பி வரத் தயாராகும் குடும்பங்கள் சென்னையிலேயே முடித்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். இங்கே வந்தபின் இந்தியச் சான்றிதழில் ஒரு எழுத்தைத் திருத்தவும் கடல் தாண்ட வேண்டும்.

இந்தக் கோப்புகள் நிற்பது மூன்று இடத்தில். இந்தியப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பது முதலாவது. பெயர் சேர்த்த பிரதி வேண்டும். தந்தையின் பெயர் முகாம் அட்டையில் ஒருவிதமாகவும் இலங்கைச் சான்றிதழில் இன்னொருவிதமாகவும் இருப்பது இரண்டாவது. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட திருமணம் மூன்றாவது, அதுதான் கடினமானதும். பதிவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன் பிரதேச செயலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

மனைவியின் நிலை வேறு. இத்தனை ஆண்டு வசித்தால் குடியுரிமை என்ற பொது வழி இலங்கைச் சட்டத்தில் இல்லை. வம்சாவளி, பதிவு ஆகிய இரண்டே வழிகள். குடிமகனின் துணைவர் என்ற வகையில் 11 ஆம் பிரிவின் கீழ் பதிவு கேட்கலாம். விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு ஆண்டு முழுவதும் இங்கே வசித்திருக்க வேண்டும். முடிவு அமைச்சரின் கையில், அதற்குச் சட்டத்தில் கால வரையறை இல்லை. ஆகையால் காத்திருக்கும் காலம் முழுவதும் அவருடைய வதிவிட விசா ஒரு நாளும் விடுபடாமல் இருக்க வேண்டும். விசா விடுபட்டால் குடியுரிமைக் கோப்பு முதலில் அங்கேயே தடுக்கி விழும். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கைக் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். எனவே இங்கே எழுத்தில் முடிவு வருவதற்கு முன் இந்தியக் குடியுரிமையைத் துறக்கவோ கடவுச்சீட்டை ஒப்படைக்கவோ வேண்டாம். இரண்டு நாடும் இல்லாமல் நடுவில் நிற்கும் நிலை ஒருவருக்கும் வரக்கூடாது.

தாத்தா தோட்டத்திலிருந்து 1977 கலவரத்தோடு கிளிநொச்சிக்கு வந்தவர். அவர் பேரில் பழைய இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று இருக்கிறது, ஆனால் இந்தியா போகவேயில்லை. பேரப்பிள்ளைகளுக்கு எதிர்காலத்தில் பிரச்சினை வருமா?
*வாசகி, மலையாளபுரம்*

1964 ஒக்டோபர் 30, இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் திகதி. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், அந்தத் திகதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கே வசிக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை கொடுத்தது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதிருந்தவர், சமாதான நீதவான் மேலொப்பமிட்ட பொதுப் பிரகடனத்தைச் சான்றாகக் காட்டலாம். தாத்தாவைப் போல் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்று இங்கேயே தங்கியவர்களுக்கு விசேட பிரகடனம் என்ற வேறு படிவம். அதை இந்திய வம்சாவளியினரைப் பதியும் ஆணையாளர் ஏற்க வேண்டும். உங்கள் வீட்டில் எது செய்யப்பட்டது என்று தேடுங்கள். ஒன்றும் செய்யப்படவில்லை என்றால், 1964 க்கு முந்திய தோட்டப் பதிவு, பாடசாலைப் பதிவு, தாத்தாவின் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றைச் சேர்த்து, ஆள் இருக்கும்போதே செய்து முடியுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு விசாவுக்கோ காணிக்கோ தாத்தா வரை ஆவணம் கேட்கும் நாள் வரலாம்.

அண்ணா கனடாவில் குடியுரிமை எடுத்துவிட்டார். அக்கராயனில் அவர் பேரில் இருக்கும் காணி போய்விடுமா?
*வாசகர், அக்கராயன்குளம்*

உறுதிக்காணி என்றால் ஏற்கெனவே அவர் பேரில் இருப்பது போகாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுப்பது வெளிநாட்டவருக்குப் புதிதாகக் கைமாற்றுவதை. அதிலும் நெருங்கிய உறவினருக்கு முதுசமாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ போவதற்கும், இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் விலக்கு உண்டு.

வன்னியில் பல காணிகள் உறுதிக்காணி அல்ல, பேர்மிற் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுபட்ட அந்தக் காணியில் பேர்மிற்காரர் இருந்து பயிர்செய்ய வேண்டும். வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கி, காணியைப் பற்றையாக விட்டிருந்தால் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்ய வழி இருக்கிறது. பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகக் காணிக் கிளையில் இந்தக் கிழமையே பாருங்கள்.

வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானே விரும்பி எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை அற்றுப்போகிறது. அதை மீளப் பெறக் குடியுரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு. எடுப்பதற்கு முன்பே தக்கவைக்கவும் சட்டத்தில் வழி உண்டு. அண்ணா இப்போது 19 ஆம் பிரிவில்தான் போக வேண்டும். அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி, கனடாக் குடியுரிமைச் சான்றிதழ், இரு கடவுச்சீட்டுகள், அங்குள்ள பொலிஸ் சான்றிதழ் ஆகியவற்றோடு, வயது, கல்வித் தகைமை, சொத்து, வைப்புப் பணம் ஆகிய வகைகளில் எதன் கீழ் கேட்கிறார் என்பதற்கான ஆதாரமும் வேண்டும். 55 வயதைத் தாண்டியவருக்கு வயதே தகுதி என்பதால் கோப்பு மெலிவாக இருக்கும். சொத்து வகையில் போவதென்றால் உறுதிக்காணி உதவும். பேர்மிற் காணியைச் சொத்தாகக் காட்டி அனுப்பினால் கேள்வியோடு திரும்பி வரும்.